கனகராயன் ஆற்றோரம்: வன்னியில் வண்ணத்துப்பூச்சிகளைத் தேடி

வெள்ளி – கனகராயன்குளம்

மாரி மழை ஓய்ந்து, காலபோக நெல் கதிர் தள்ளும் தை மாதத்தில் வன்னியைப் பார்க்க வேண்டும். குளங்கள் நிறைந்திருக்கின்றன. பற்றைக்காடு முழுவதும் தளிர் விட்டிருக்கிறது. தளிர் வந்தால் மயிர்க்கொட்டி வரும். மயிர்க்கொட்டி வந்து சில கிழமைகளில் வண்ணத்துப்பூச்சி வரும். மழையைக் கொண்டே கணக்குப் போட்டுவிடலாம்.

கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் தொடங்கி வடக்கு நோக்கி ஓடுகிறது. வழியில் இரணைமடுக் குளத்தை நிரப்பிவிட்டு, மிச்சத் தண்ணீரைச் சுண்டிக்குளம் கடனீரேரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதன் போக்கிலேயே காட்டிலிருந்து கடல் வரை போய், வழியில் உள்ள பூந்தோட்டங்களையும் காடுகளையும் பார்ப்பது என் திட்டம். அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதி இங்கே போடுகிறேன்.

முதல் இரவு சித்தி வீட்டில். ஏ9 வீதியிலிருந்து ஓர் ஒழுங்கை இறங்கி, படலையைத் திறந்தால் முன்வளவு முழுவதும் பூ. செவ்வரத்தை மூன்று நிறத்தில், நித்தியகல்யாணி, எக்ஸோரா, சீனியா, கிணற்றடியில் காசித்தும்பை. ஒழுங்கையால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சித்திக்கு அதில் மிகுந்த பெருமை. எக்ஸோராவில் காலை எட்டு மணிக்கே கறுப்புச் சிறகுகள் படபடக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் நான் அதிக நேரம் நின்றது கோடிப்புறத்து வேலியில்.

கிளுவைக் கதியால் வேலி அது. இடையிடையே பூவரசு, ஒரு முள்முருக்கு. கதியால்களில் ஆடுதின்னாப்பாளைக் கொடி சுற்றிப் படர்ந்திருக்கிறது. ஆடு கடிக்காத கசப்புக் கொடி. அதன் இலைகளைத் தின்று வளரும் உயிர்களில் ஒன்று சிவப்புடல் அழகி என்ற வண்ணத்துப்பூச்சி. கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள், உடலும் தலையும் குங்குமச் சிவப்பு. இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தபோது மயிர்க்கொட்டி அகப்பட்டது. என் சுண்டுவிரல் அளவு. ஊதா கலந்த கறுப்பு உடல், வரிசை வரிசையாகச் சதைக் கொம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்பு. இலையின் ஓரத்தில் தலையை மேலிருந்து கீழாக இழுத்து இழுத்துக் கடித்துக்கொண்டிருந்தது. நான் இலையைத் தொட்டும் அது ஒளியவில்லை. ஒளிய அவசியமும் இல்லை. கொடியில் உள்ள நஞ்சை அது உடலில் சேர்த்துக்கொள்கிறது. சிறகு முளைத்த பிறகும் அந்த நஞ்சு உடலிலேயே இருக்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த குருவி அடுத்த முறை அந்தச் சிவப்பைக் கண்டதும் விலகிவிடும். அதனால்தான் சிவப்புடல் அழகி அத்தனை ஆறுதலாகப் பறக்கிறது.

இந்த நஞ்சில்லாமலே இதன் பாதுகாப்பை அனுபவிக்கிற இன்னொன்றும் அதே வளவில் இருக்கிறது. குசினிக்குப் பின்னால் உள்ள கறிவேப்பிலையில் முட்டையிடும் கறிவேப்பிலை அழகி. ஆண் கறுப்பு; பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணுக்கு மூன்று கோலம் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். ஒன்று ரோஜா அழகி என்ற, நஞ்சுள்ள இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் சாயல். மற்றொன்று சிவப்புடல் அழகியின் சாயல். எக்ஸோராவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தபோது உடலைத்தான் பார்த்தேன். உடல் சிவப்பாக இருந்தால் நஞ்சுள்ளது; கறுப்பாக இருந்தால் வேடம் போட்டது. இந்த வேடம் பலிக்க வேண்டுமானால் அசல் அருகில் இருக்க வேண்டும். அசல் இருக்க வேலியில் அந்தக் கொடி இருக்க வேண்டும்.

"கறிக்கு இலை ஒடிக்கப் போனால் பச்சைப் புழு சிவப்புக் கொம்பை நீட்டி மணக்கிறது, பிள்ளை. முன்பெல்லாம் பிடித்துக் கோழிக்குப் போட்டுவிடுவேன். இப்போது கீழ்க் கொப்பை அதற்கென்று விட்டிருக்கிறேன்" என்றார் சித்தி. ஒரு கொப்பு. அது போதும்.

பக்கத்து வளவில் கிளுவையை வெட்டிவிட்டு மதில் கட்டுகிறார்கள். கல் அடுக்கி, பாதி பூசியும் ஆகிவிட்டது. ஏ9 வீதி நெடுக இப்போது இதுதான் காட்சி. கதியால் வேலியை ஆண்டுதோறும் அடைக்க ஆளில்லை, கூலி கட்டுப்படியாகாது, மாடு புகுந்துவிடுகிறது என்று காரணம் சொல்கிறார்கள். காரணம் உண்மைதான். ஆனாலும் மதிலுக்கு உள்ளே நூறு பூச்சாடி வைத்தாலும் அந்த வேலி தந்ததை அது தராது. பூவில் தேன் குடிக்க வருவது விருந்தாளி. பிறந்து வளர வேலியில் இலை வேண்டும். வண்ணத்துப்பூச்சிகள் வரும் தோட்டம் வேண்டும் என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் என்ன பூ நடலாம் என்றுதான் கேட்கிறார்கள். என்ன இலை நடலாம் என்று ஒருவரும் கேட்பதில்லை. தேசி, கறிவேப்பிலை, அன்னமுன்னா, எருக்கு, ஆடுதின்னாப்பாளை. அன்னமுன்னாவில் பச்சைப் புள்ளிச் சிறகோடு வாலும் உள்ள ஒன்று வளரும். கண்ணுக்குப் பிடிபடாத வேகம் அதற்கு.

சனி – மாங்குளத்துக் காடு

சித்தியின் மகன் மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனான். புறப்படும்போதே சொல்லிவிட்டான்: "அக்கா, மாலை நான்கு மணிக்கு முன்னர் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். யானை இறங்கும் பாதை." கரடியும் இருக்கிறது. வன்னிக் காட்டில் வளர்ந்தவர்கள் யானையை விடக் கரடிக்குத்தான் கூடுதலாகப் பயப்படுவார்கள். யானை வருவது தெரியும், கரடி திடீரென்று முன்னால் நிற்கும்.

வெளியில் இருந்து பார்த்தால் ஒரே பச்சை. உள்ளே போனால் பாலை, வீரை, முதிரை, இடையில் கருங்காலி, ஆற்றங்கரையை ஒட்டிப் பெரிய மருத மரங்கள். மருதின் வெளிறிய அடிமரம் தூரத்திலிருந்தே ஆறு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் நிழலில் கனகராயன் ஆறு முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் வடிந்த இடத்தில் ஈர மணல்.

அந்த மணலில்தான் கூட்டம். ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தில் மஞ்சளும் வெள்ளையும் இளம்பச்சையுமாகச் சிறகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பெரும்பாலும் கொன்றை, ஆவாரை இலைகளில் வளரும் வெள்ளையன்கள். நடுவே நீலப் பட்டைச் சிறகோடு சில, ஓயாமல் சிறகை அதிரவிட்டபடி உறிஞ்சிக்கொண்டிருந்தன. நான் குந்தியிருந்து முழங்காலால் ஊர்ந்து நெருங்கினேன். சுருண்டிருக்கும் உறிஞ்சுகுழலை நீட்டி மணல்மணிகளுக்கு இடையே செலுத்துகின்றன. சில நொடிகளுக்கு ஒருமுறை பின்பக்கத்தால் ஒரு துளி தெளிந்த நீர் வெளியே வருகிறது. நீர் அவற்றுக்குத் தேவையில்லை. நீரில் கரைந்த உப்புத்தான் தேவை. இலையும் தேனும் தராத உப்பு. இப்படிக் கூடுபவை பெரும்பாலும் ஆண்கள். சேர்த்த உப்பை இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன. அது முட்டைக்குப் போய்ச் சேர்கிறது.

இருபது அடி தள்ளி யானை லத்தி. இரண்டு நாள் பழையது என்றான் தம்பி. அதிலும் இதே கூட்டம், இன்னும் நெருக்கமாக. யானை காட்டில் எங்கெங்கோ தின்ற உப்பெல்லாம் அங்கே இருக்கிறது. யானை வராத காட்டில் இந்தச் சிறகுகளுக்கு ஒரு விருந்து குறைவு என்பதை அந்த இடத்தில் நின்று பார்த்தால் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் தலைக்கு மேலே ஒரு வெள்ளைச் சிறகு, உள்ளங்கையளவு, நுனிகளில் செம்மஞ்சள். வெள்ளையன்களின் குடும்பத்தில் இவ்வளவு பெரியது இங்கே வேறில்லை. மாவிலங்கின் உச்சியை இரண்டு முறை சுற்றிவிட்டு நேராகப் போய்விட்டது. படம் எடுக்க முடியவில்லை. கண்டது போதும்.

ஆற்றுக்கும் வீதிக்கும் நடுவே ஒரு வளவு. வீடு இல்லை; அத்திவாரமும் படிக்கட்டும் இருக்கின்றன. கிணறு தூர்ந்திருக்கிறது. போரின் கடைசி ஆண்டுகளில் போனவர்கள் திரும்பவில்லை. அவர்கள் வைத்த தேசி மரம் முள்ளும் கொப்புமாகப் பற்றையாகிவிட்டது, கறிவேப்பிலை கன்று கன்றாகப் பரவியிருக்கிறது, நாயுண்ணி ஆளுயரம். கறிவேப்பிலை அழகி ஒன்று முன்கால்களால் தேசி இலையைத் தட்டித் தட்டிப் பார்த்தது. காலால்தான் அதற்குச் சுவை தெரியும். பிடித்த தளிரில் வயிற்றை வளைத்து, மஞ்சள் நிறத்தில் ஒரு முட்டை, கடுகளவு கூட இல்லை, ஒட்டிவிட்டுப் போனது. அந்த மரத்தை வைத்த கை யாருடையதோ. தம்பியும் நானும் அங்கே அதிகம் பேசவில்லை.

படிக்கட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. மிதிவெடி அகற்றப்பட்ட பகுதி என்றாலும், வன்னியில் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது எங்களுக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தந்த பாடம்.

ஞாயிறு – முல்லைத்தீவு வீதி

பகல் முழுக்கத் தூறல். தூறலில் சிறகுகள் பறப்பதில்லை. இலைக்கடியில் மடித்துக்கொண்டு தொங்கும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வழியில் ஒரு சிறிய பிள்ளையார் கோயிலில் ஒதுங்கினேன். சுற்றிவர நந்தவனம்: அலரி, நந்தியாவட்டை, துளசி, இரண்டு வில்வ மரம். பூப்பறிக்க வந்த ஓர் ஆச்சி, நான் வில்வ இலைகளைப் பிரட்டிப் பிரட்டிப் பார்ப்பதைக் கண்டு, "என்ன மகள், புழுவா தேடுகிறாய்? அது அந்தப் பக்கத்து மரத்தில்தான் கூட" என்றார். ஒரு மரத்து இலை சாமிக்கு, மற்ற மரத்து இலை அவற்றுக்கு என்று ஒரு பாகப்பிரிவினை வைத்திருக்கிறார். மருந்து அடிப்பதில்லையா என்று கேட்டேன். சாமிக்கு வைக்கிற இலையில் மருந்தா என்று திருப்பிக் கேட்டார்.

அலரி இலையின் அடியில் ஆச்சி காட்டிய கூட்டுப்புழுவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. காக்கைக் கறுப்புச் சிறகுள்ள ஒரு வண்ணத்துப்பூச்சியின் கூடு. ஒரு கட்டைவிரல் நகத்தை விடச் சற்று நீளம். முழுவதும் பளபளக்கும் உலோகப் பொன். என் குடையின் கறுப்பும் ஆச்சியின் சேலைக் கரையும் அதில் தெரிந்தன. சாயம் எதுவும் இல்லை. தோலில் உள்ள மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் முறையால்தான் அந்தப் பொன்னிறம். உள்ளே உயிர் வெளியேறியதும் ஓடு வெறும் மங்கலாகிவிடும். ஆச்சி அதைச் சின்ன வயதில் காதில் தொங்கவிட்டு விளையாடியிருக்கிறாராம்.

திங்கள் – இரணைமடு

முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்து, கச்சான் வாங்காமல் யாரும் அந்த இடத்தைக் கடப்பதில்லை, நானும் கடக்கவில்லை.

நீர்க் கொள்ளளவில் வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம் இரணைமடு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிப் பலமுறை அணையை உயர்த்தியிருக்கிறார்கள். கிளிநொச்சியின் வயல்கள் இதை நம்பித்தான் இருக்கின்றன. குளக்கட்டில் நின்றால் ஒரு பக்கம் கடலாகத் தண்ணீர், மறுபக்கம் கண்ணுக்கெட்டும் வரை நெல். மின்கம்பியில் பஞ்சுருட்டான்கள் வரிசையாக இருந்து தும்பிகளைப் பாய்ந்து பிடித்துக்கொண்டிருந்தன.

எனக்கு வேண்டியது கட்டின் சரிவில் இருந்தது. கிலுகிலுப்பைச் செடிகள், பூ முடிந்து, காய் முற்றி, பாதி காய்ந்தவை. காற்றில் உள்ளே விதை சலசலக்கிறது. பார்த்தால் பிடுங்கி எறியத் தோன்றும். அந்தக் காய்ந்த செடிகளில்தான் நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகளும் காக்கைக் கறுப்புச் சிறகுகளும் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒரு கிளையில் எண்ணத் தொடங்கி முப்பதோடு விட்டுவிட்டேன். பக்கத்திலேயே மூக்குத்திப்பூவும் நாயுண்ணியும் நிறையப் பூத்திருந்தும் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

செடியில் உள்ள ஒரு வகை நஞ்சுச் சத்துத்தான் அவற்றை இழுக்கிறது. இலை வாடும்போதும் கிழியும்போதும் அது வெளியே வரும். வரியன் ஒன்று காய்ந்த காயின் வெடிப்பில் காலால் கீறிக் கீறி, உறிஞ்சுகுழலால் ஒரு துளி ஈரத்தை வைத்து, கரைத்து, மறுபடி உறிஞ்சியதை முகத்தருகே பார்த்தேன். பெண்ணைக் கவரும் வாசனையை ஆண் இதிலிருந்துதான் உண்டாக்குகிறது. குருவிகளுக்குக் கசக்கும் பாதுகாப்பும் இதிலிருந்து கிடைக்கிறது. தேட்கொடுக்குச் செடியிலும் இதே சத்து உண்டு. காய்ந்த செடியைக் கட்டிலிருந்து துப்புரவாக்கிவிட்டு, அழகுக்காக வெளிநாட்டுப் பூச்செடி வைத்த எத்தனையோ பூங்காக்களை நினைத்துக்கொண்டேன். அங்கே வரியன்கள் ஏன் தங்குவதில்லை என்பதற்குப் பதில் இந்தச் சரிவில் சலசலத்துக்கொண்டிருந்தது.

வாய்க்கால் ஓரம் நின்ற கமக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தும்பி அதிகமான ஆண்டில் பூச்சித் தாக்கம் குறைவு என்பது தன் அனுபவம் என்றார். வரப்பில் புல்லையும் பூவையும் முழுக்கச் செருக்காமல் ஒரு கரை விட்டு வைத்திருக்கிறார். பக்கத்து வயற்காரர்கள் அதைச் சோம்பல் என்கிறார்களாம். சோம்பலில் விளைந்ததல்ல அந்த வரப்பு; பருப்புக்கீரையும் மூக்குத்திப்பூவும் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று தெரிந்து வைத்த வரப்பு.

செவ்வாய் – சுண்டிக்குளம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியில் தருமபுரம் வரை பஸ். அதன் பிறகு வடக்கே மண்பாதை. முச்சக்கரவண்டிக்காரர் மழை வெள்ளம் அரித்த இடங்களில் இறங்கி நடக்கச் சொன்னார்.

1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் சுண்டிக்குளம். 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தினார்கள். கனகராயன் ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் இங்கே கலக்கின்றன. அந்தக் கலப்பின் அளவு மழைக்கு மழை மாறும். அதைப் பொறுத்தே நீரில் உள்ள சிற்றுயிர்கள், அவற்றைப் பொறுத்தே பறவைகள். பூநாரைகள் தூரத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. தொலைநோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பக்கம் கீழே இருக்கும்படி சேற்றை அரித்துக்கொண்டிருந்தது. அவற்றுக்கு இப்பால் ஊசிவால் வாத்துகள். ஆசியாவின் வடகோடியிலிருந்து வந்து பங்குனி வரை இங்கே தங்கும்.

எல்லோரும் நீரைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மணல் திட்டுப் பக்கம் போனேன். உமரி, எருக்கு, விழுதிப் பற்றைகள். எருக்கில் வெந்தய வரியனின் மயிர்க்கொட்டி: வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்கள் மாறி மாறி. இலை நரம்பை முதலில் கடித்துப் பாலை வடியவிட்டுப் பிறகுதான் இலையைத் தின்கிறது; பால் வாயில் ஒட்டினால் அதற்கு ஆபத்து. விழுதியைச் சுற்றி வெள்ளைச் சிறகில் கருஞ்சிவப்பு முனையுள்ள சின்னஞ்சிறியவை பறந்தன. வறண்ட கரையோரத்தை விரும்புகிறவை. மழைக்காட்டைத் தேடிச் சிங்கராஜாவுக்குப் போகிறவர்களுக்கு இவை அகப்படாது. பார்க்க வடக்கேதான் வர வேண்டும்.

சிவப்புடல் அழகி ஒன்று கடலிலிருந்து வந்த காற்றுக்கு எதிராக, மணல் திட்டை ஒட்டித் தாழப் பறந்து போனது. இவை கூட்டமாகக் கடல் கடந்து இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பறப்பது பதிவாகியிருக்கிறது. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணர் ஒருவரிடம் கேட்டேன். சில ஆண்டுகளில் படகில் இருக்கும்போது கடல் மேல் மஞ்சள் சிறகுகள் நாள் முழுக்கக் கடந்து போகக் கண்டிருக்கிறாராம். "களைத்தால் படகின் அணியத்தில் வந்து இருக்கும், தங்கச்சி. நாங்கள் கலைப்பதில்லை" என்றார். 2004 கடற்கோளில் இந்தக் கரை அடித்துப் போனதையும் அவரே சொன்னார். எந்த இடத்தில் வாடி இருந்தது, எங்கே கோயில் இருந்தது என்று கையால் காட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி கடைசியிலிருந்து மாசி வரை நல்ல காலம். காலை ஏழு மணிக்கு முன்னர் பறவை, எட்டரைக்குப் பின்னர் வெயில் ஏறியதும் வண்ணத்துப்பூச்சி. பூங்கா எல்லைக்குள் நுழைய வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். வலை கொண்டு போகாதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் எந்த உயிரையும் பிடிப்பது சட்டப்படி குற்றம். மிதிவெடி எச்சரிக்கையான சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் திரும்பிவிடுங்கள். தருமபுரத்துக்கு அப்பால் கடை கிடையாது. ஆளுக்கு மூன்று போத்தல் தண்ணீர் கட்டாயம்.